ஒருமுறை மட்டும் வரும் ஆர்டருக்கு விலை சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி என இராமநாதபுரம் கடற்கரையில் படகுப் பட்டறையோ ஐஸ் ஆலையோ கருவாட்டுக் களமோ நடத்துகிறவர்களுக்கு, வழக்கமான வியாபாரத்துக்கு வெளியே திடீரென்று ஒரு பெரிய ஆர்டர் வருவது உண்டு. அப்போது என்ன விலை சொல்வது என்று கணக்கு எழுதும் என்னிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலான விடைகளுக்கு ஒரே எடுத்துக்காட்டைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அதில் வரும் பட்டறையும் விலைகளும் கணக்கை விளக்குவதற்காக அமைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடங்களில் போட்டுப் பார்க்கவும்.

எடுத்துக்காட்டு என்ன?

மண்டபத்துக்கு அருகில் ஃபைபர் வல்லம் (நாட்டுப்படகு) கட்டும் ஒரு சிறு பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளத்தில் இரண்டு ஃபைபர் மேஸ்திரிகள், வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகை, பதினெட்டு அடி வத்தைக்கான (சிறு படகுக்கான) ஓர் அச்சு ஆகியவை அதன் முதல். கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனம் ஆறு வத்தைகள் கேட்கிறது. பின்புறம் சற்று அகலமாக இருக்க வேண்டும், குழுக்கள் இருக்கும் ஊர்களுக்கே கொண்டுவந்து இறக்க வேண்டும், வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும், பணம் ஒப்படைத்து 60 நாளில் வரும், மொத்த நிதி ரூ. 3,00,000 மட்டுமே என்பவை அதன் நிபந்தனைகள்.

பட்டறைக்காரர் தம் வழக்கப்படி போட்ட கணக்கு இது. ரெசின் (ஃபைபரை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) 63,800, ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) 25,200, ஜெல்கோட் (நிறம் தரும் மேற்பூச்சு) 15,600, ஹார்டனர், கோபால்ட், மெழுகு முதலியவை 12,000, மரமும் போல்ட்டும் 18,000, மேஸ்திரிகள் சம்பளம் 60 ஆள்நாளுக்கு 51,000, உதவியாட்கள் கூலி 30 நாளுக்கு 27,000, அச்சின் தேய்மானம் 30,000, அச்சை அகலப்படுத்த 14,000, கொட்டகை வாடகை ஒன்றரை மாதத்துக்கு 22,500, மின்சாரம் 6,000, அலுவலகச் செலவும் முதலாளியின் சம்பளமும் சேர்த்து 25,000, லாரி 18,000, இடம் பார்க்கப் போய்வந்ததும் மாதிரி வரைந்ததும் 4,000. ஆக மொத்தம் ரூ. 3,32,100. இதன்மேல் 15 சதவீத லாபம் வைத்தால் ரூ. 3,81,915. மூன்று லட்சத்துக்குச் செய்தால் முப்பத்திரண்டாயிரம் கைநட்டம் என்று முடிவுகட்டி அவர் ஆர்டரைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் இந்தத் தாளை வைத்து அதைச் சொல்ல முடியாது.

இந்தத் தாளில் என்ன குறை? எல்லாம் உண்மையாகவே ஆகும் செலவுதானே?

ஆகும் செலவுதான். ஆனால் அவற்றுள் பல, இந்த ஆர்டரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆகிக்கொண்டே இருக்கும். விலை சொல்ல உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வேலையை ஒப்புக்கொள்வதால் மட்டும், இனிமேல், என் கையைவிட்டுப் போகும் பணம் எவ்வளவு, என் கைக்கு வராமல் போகும் பணம் எவ்வளவு? இந்தக் கேள்விக்குள் வருவதைத்தான் தொடர்புடைய செலவு என்கிறோம். அதில் ‘இனிமேல்’, ‘இதனால் மட்டும்’, ‘பணம்’ என்ற மூன்று சொற்களையும் ஒவ்வொரு வரியின்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். இடம் பார்க்கப் போய்வந்த 4,000 ரூபாய் ‘இனிமேல்’ என்ற சொல்லிடம் தோற்கிறது, ஏனென்றால் ஆர்டரை மறுத்தாலும் அது திரும்பி வராது. கொட்டகை வாடகை ‘இதனால் மட்டும்’ என்பதில் அடிபடுகிறது. தேய்மானம் பேரேட்டில் எழுதும் தொகையாகையால் ‘பணம்’ என்ற சொல்லைத் தாண்டாது.

அச்சுக்கு ஒன்றரை லட்சம் கொட்டியிருக்கிறேன். அதில் ஒரு பங்கைக்கூட இந்த வத்தைகள் தாங்க வேண்டாமா?

இந்தக் கேள்வியை யாரும் அமைதியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அச்சுக்குப் போட்ட பணம் போட்ட அன்றைக்கே போய்விட்டது. கடலில் விழுந்த நங்கூரம்போல மூழ்கிப்போன செலவு அது. நீங்கள் இந்த ஆர்டரை எடுத்தால் அது குறைவதுமில்லை, மறுத்தால் மிச்சமாவதுமில்லை. ஆகவே 30,000 ரூபாய்த் தேய்மானம் இந்தத் தாளிலிருந்து நீங்குகிறது.

ஆனால் அச்சைத் தொடர்ந்து வேறொன்று வருகிறது, அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பின்புறத்தை அகலப்படுத்த 14,000 ஆகும் என்று எழுதியவர், வேலை முடிந்தபின் வழக்கமான வாடிக்கையாளர்களுக்காக அதைப் பழைய வடிவுக்கு மாற்ற இன்னொரு 6,000 ஆகும் என்பதை எழுதவில்லை. அதுவும் இந்த ஆர்டரால் வரும் செலவுதான். ஆறு வத்தைகளை எடுத்தால் அச்சு வழக்கத்தைவிட முன்னதாகத் தேய்ந்து, புதிய அச்சு ஒரு வருடம் முந்தி வேண்டியிருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த ஒரு வருட முன்னேற்றத்துக்கான தொகையையும் சேர்க்கலாம். ஆறு வத்தைக்கு அப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

கையிருப்பில் இருக்கும் ரெசினை வாங்கிய விலைக்குப் போடுவதா, இன்றைய விலைக்குப் போடுவதா?

இங்கே மூன்று நிலைமைகள் உண்டு, மூன்றுக்கும் மூன்று விடைகள்.

முதலாவது, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொருள். எடுத்துக்காட்டில் 420 கிலோ ரெசின் தேவை. 220 கிலோ டிரம் ஒன்று கிலோ 140 ரூபாய்க்கு வாங்கிக் கையில் இருக்கிறது. இன்றைய விலை 165. பட்டறைக்காரர் கையிருப்பை 140-க்கும், இனி வாங்க வேண்டிய 200 கிலோவை 165-க்கும் போட்டு 63,800 என்று எழுதினார். ஆனால் அந்த டிரம்மை இந்த வத்தைகளுக்குத் திறந்துவிட்டால், அடுத்த வாரம் வரும் வல்லத்துக்கு 165 கொடுத்துப் புது டிரம் வாங்கியாக வேண்டும். எனவே முழு 420 கிலோவுக்கும் 165 வீதம் 69,300 போடுவதே சரி. வாங்கிய விலையை வைத்துச் சொன்னால் 5,500 ரூபாயைத் தெரியாமலே வாடிக்கையாளருக்குத் தானமாகக் கொடுக்கிறீர்கள்.

இரண்டாவது, வேறு எதற்கும் பயன்படாமல் கிடக்கும் பொருள். ரத்தான ஒரு பழைய ஆர்டருக்காக வாங்கிய நீல ஜெல்கோட் 60 கிலோ மூலையில் இருக்கிறது. வாங்கியது கிலோ 260, மொத்தம் 15,600. நம் வல்லக்காரர்கள் யாரும் அந்த நிறத்தைக் கேட்பதில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் கிலோ 100 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இந்த ஆர்டருக்கு அதைப் பயன்படுத்துவதால் நீங்கள் இழப்பது அந்த 6,000 ரூபாயை மட்டுமே. அதுதான் தாளில் ஏற வேண்டிய தொகை.

மூன்றாவது, கெடும் நிலையில் உள்ள பொருள். பாலியெஸ்டர் ரெசின் குளிர்ந்த, நிழலான இடத்தில் சில மாதங்கள்தான் நல்ல நிலையில் இருக்கும். தகரக் கொட்டகைக்குள் சித்திரை வெயிலில் வைத்தால் அந்த ஆயுளும் சுருங்கி, டிரம்முக்குள்ளேயே கட்டியாகத் தொடங்கும். இன்னும் மூன்று வாரத்தில் வீணாகப்போகும் ரெசின், வேறு வேலையும் கைவசம் இல்லை என்றால், அதன் தொடர்புடைய செலவு சுழியம். கெட்ட ரெசினை அப்புறப்படுத்தக் கூலி கொடுக்க வேண்டியிருந்தால், அந்தக் கூலி மிச்சமாவதால் செலவு சுழியத்துக்கும் கீழே போகும். தரம் குறைந்த ரெசினைக் கட்டுமானத்தில் பூசி, பிறகு விரிசல் விட்டு வத்தை திரும்பி வந்தால் அது வேறு கணக்கு. அதை இதில் கலக்க வேண்டாம்.

மாதச் சம்பளக்காரர்களின் கூலியைச் சேர்க்க வேண்டுமா?

எப்போது செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கரையில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது நாள்காட்டிதான்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாள்களில் படகுகள் கரையேறி நிற்கும்; அடிப்பகுதிக்கு ஃபைபர் பூசுவது, ஓட்டை அடைப்பது, விரிசல் ஒட்டுவது என்று ஃபைபர் மேஸ்திரிகளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. படகுகள் மீண்டும் கடலுக்குப் போனபின், குறிப்பாக ஆவணி, புரட்டாசியில், பட்டறை ஓய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழை இறங்கிவிட்டால் காற்றின் ஈரத்தில் ரெசின் சரியாக இறுகாது என்பதால் திறந்த கொட்டகையில் வேலை செய்வதே தயக்கம்தான்.

ஆவணியில் இந்த ஆர்டரைச் செய்தால், இரண்டு மேஸ்திரிகளும் எப்படியும் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவர்கள். 60 ஆள்நாளுக்குப் போட்ட 51,000 ரூபாய் நீங்குகிறது. தினக்கூலிக்கு வரும் உதவியாட்களின் 27,000 இருக்கிறது, ஏனெனில் வேலை இல்லையென்றால் அவர்களை அழைக்கவே மாட்டீர்கள்.

தடைக்காலத்தில் செய்தால் நிலைமை தலைகீழ். அப்போது ஒரு மேஸ்திரி ஒரு நாள் பழுது வேலை பார்த்தால் படகுக்காரரிடம் சராசரியாக 2,000 ரூபாய் வாங்குகிறீர்கள்; அதில் பொருள் செலவு 700 போனால் 1,300 கையில் நிற்கும். 60 ஆள்நாளை வத்தைக்குத் திருப்பினால் 78,000 ரூபாய் வருமானத்தைக் கைவிடுகிறீர்கள். இதுதான் வாய்ப்புச் செலவு. எந்த ரசீதிலும் வராது, எந்தப் பேரேட்டிலும் ஏறாது, ஆனால் ரெசின் விலையைப் போலவே மெய்யானது. இந்த 78,000-த்தின்மேல் சம்பளம் 51,000-ஐயும் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் எந்த வேலை செய்தாலும் ஒன்றுதான். 1,300 என்பது சம்பளத்தைக் கழிக்காத தொகை. ஆகவே அதையும் கூட்டினால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகிவிடும்.

இன்னொரு வழியையும் பார்க்க வேண்டும். ஃபைபர் வேலை தெரிந்த ஆளை வெளியிலிருந்து நாளுக்கு 1,200 ரூபாய்க்குக் கொண்டுவர முடியுமானால், 72,000 ரூபாயில் இந்த வேலையும் முடியும், பழுது வேலையும் நடக்கும். இரண்டில் குறைவான தொகையே தொடர்புடையது. ஆனால் தடைக்காலத்தில் எல்லாப் பட்டறையும் ஆள் தேடும் நேரத்தில் அப்படி ஓர் ஆள் கிடைப்பாரா என்பதை வாயால் கேட்டு உறுதிசெய்த பிறகே 72,000 என்று எழுதவும்.

அப்படியானால் கடைசிக் கணக்கு என்ன?

ஆவணியில் செய்வதாக வைத்துக்கொண்டால்: ரெசின் 69,300, மேட் 25,200, ஜெல்கோட் 6,000, ஹார்டனர் முதலியவை 12,000, மரம், போல்ட் 18,000, உதவியாட்கள் 27,000, அச்சை மாற்றவும் திருப்பவும் 20,000, கூடுதலாக ஓடும் மின்சாரத்துக்கு மட்டும் 3,000, லாரி 18,000. இவற்றோடு முதல் தாளில் இடம்பெறாத இரண்டு வரிகள் உண்டு. தொண்டு நிறுவனம் கேட்கும் வங்கி உத்தரவாதத்துக்கான கமிஷன் 2,000. பணம் வரும்வரை சுமார் இரண்டு லட்சம் மூன்று மாதம் முடங்கிக் கிடப்பதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 6,000. கூட்டினால் ரூ. 2,06,500. மூன்று லட்சத்துக்கு எடுத்தால் 93,500 மிஞ்சும். அந்தப் பணம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் போய்ச் சேரும்.

தடைக்காலத்தில் செய்வதானால் இதன்மேல் 78,000 ஏறும். உதவியாட்களின் கூலியும் அப்போது 900-லிருந்து 1,100 ஆகும் என்றால் இன்னொரு 6,000. மொத்தம் ரூ. 2,90,500. மிஞ்சுவது 9,500, அதுவும் ஒரு நாள் லாரி பழுதானால் கரைந்துபோகும் தொகை. ஒரே வத்தை, ஒரே வாடிக்கையாளர், ஒரே விலை. மாதம் மட்டும் மாறியதும் குறைந்தபட்ச விலை 84,000 நகர்ந்துவிட்டது. முழுச்செலவுத் தாள் இரண்டு மாதங்களுக்கும் 3,32,100 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தத் தாளை நான் நம்புவதில்லை.

குறைந்தபட்சம் 2,06,500 என்றால் 2,10,000 என்று சொல்லி ஆர்டரைப் பிடித்துவிடலாமா?

கூடாது. 2,06,500 என்பது அதற்குக் கீழே போனால் ஆர்டர் இல்லாமலிருப்பதே மேல் என்று காட்டும் எல்லைக்கோடு. அதற்கு மேலே எங்கே நிற்பது என்பதை வாடிக்கையாளரிடம் இருக்கும் நிதி, நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய விலை, உங்கள் கைவேலைக்கு இருக்கும் பெயர் ஆகியவை தீர்மானிக்கின்றன. மூன்று லட்சம் வைத்திருக்கிறோம் என்று அவர்களே வாய்விட்டுச் சொல்லியிருக்கும்போது இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில் தொடங்குவதற்குக் காரணமே இல்லை. பேரம் பேசும் இடத்துக்கு எல்லைக்கோட்டு எண்ணை எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் அந்தத் தாள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

வாடகை, முதலாளி சம்பளம், தேய்மானம் எல்லாவற்றையும் நீக்கிக்கொண்டே போனால் பட்டறை எப்படி நடக்கும்?

இந்த முறையை எல்லா ஆர்டருக்கும் பயன்படுத்தினால் நடக்காது. இது ஒருமுறை மட்டும் வரும், ஓய்ந்த நேரத்தில் வரும், வழக்கமான வியாபாரத்தைத் தொடாத வேலைக்கான கணக்கு. வருடம் முழுவதும் வரும் வல்லங்களின் விலையில் வாடகையும் தேய்மானமும் முதலாளியின் சோறும் இருந்தே ஆக வேண்டும். அதே தொண்டு நிறுவனம் அடுத்த ஆவணியிலும் அதற்கடுத்த ஆவணியிலும் வந்தால் அது ‘ஒருமுறை’ அன்று; உங்கள் வாடிக்கை. அன்று முழுச்செலவைத் தாங்கும் விலைக்கு அவர்களை நகர்த்த முடியாவிட்டால், முதல் முறை சொன்ன விலை உங்கள் கழுத்துக்கு வந்துவிடும். இதற்காகவே கொட்டேஷனில், இந்த விலை இந்த ஆறு வத்தைகளுக்கும் இந்த மாத ஒப்படைப்புக்கும் மட்டுமே என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன்.

குறைந்த விலைக்குக் கொடுத்தது மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்துவிட்டால்?

தெரியும். கடற்கரையில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. காலையில் சொன்ன விலை மாலை ஏலத்துக்குள் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆகவே அதையும் தொகையாக்கிக் கணக்கில் வைக்க வேண்டும். வழக்கமாக 65,000-க்கு விற்கும் வத்தையை 50,000-க்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்து, வரும் ஆறு மாதத்தில் நான்கு பேர் தலைக்கு 5,000 குறைக்கச் சொல்லி நீங்களும் குறைக்க நேரும் என்று நினைத்தால், அந்த 20,000 இந்த ஆர்டரின் தொடர்புடைய செலவு. ஆவணிக் கணக்கு அதைத் தாங்கும். தடைக்காலக் கணக்கு அதோடு நட்டத்துக்குப் போய்விடும். பின்புறம் அகலமான வடிவு, இலாப நோக்கமற்ற வாடிக்கையாளர், ஆறு எண்ணிக்கை என்ற வேறுபாடுகளைச் சொல்லி ஓரளவு சமாளிக்கலாம். ஓரளவுதான்.

என் உழைப்புக்கும் வீட்டார் உழைப்புக்கும் என்ன மதிப்பு போடுவது?

அவர்கள் வேறு என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதே அளவுகோல். மகன் வண்ணம் அடிக்க வருவதற்காக வெளியே கிடைக்கும் 900 ரூபாய்க் கூலியை விடுகிறான் என்றால், சம்பளம் கொடுக்காவிட்டாலும் அந்த 900 செலவுதான். வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவன் என்றால் பணக் கணக்கில் சுழியம். வீட்டுப் பெண்கள் பட்டறைக்குச் சமைப்பதையும் கணக்கு எழுதுவதையும் பற்றி இதே கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் ‘அவங்க சும்மாதானே இருக்காங்க’ என்ற பதில் வரும். பனை ஓலைப் பெட்டி முடைந்தோ கடல்பாசி எடுத்தோ அவர்கள் சம்பாதிப்பதை இந்த ஆர்டருக்காக நிறுத்தினால் அது தெளிவான வாய்ப்புச் செலவு. தாளில் ஏற வேண்டும்.

வங்கிக் கடன் தவணை?

ஏற்கெனவே வாங்கிய கடனின் தவணை எப்படியும் கட்ட வேண்டியது, சேராது. இந்த ஆர்டருக்காகவே வாங்கும் நகைக்கடனின் வட்டி சேரும். அப்படி வாங்கினால், மேலே முடங்கும் பணத்துக்குப் போட்ட 6,000-ஐ எடுத்துவிட்டு இதைப் போடவும். அசல் எப்போதும் செலவாகாது.

ஜி.எஸ்.டி.யைச் செலவில் சேர்ப்பதா?

நீங்கள் கட்டிய வரி உள்ளீட்டு வரவாக (விற்பனையில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) திரும்பி வருமானால் அது செலவன்று. மேலே காட்டிய தொகைகள் எல்லாம் வரி நீங்கலானவை. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களுக்கும் தொகுப்புத் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறையில்) இருப்பவர்களுக்கும் அந்த வரவு கிடையாது. அவர்கள் ரெசினுக்குக் கட்டும் 18 சதவீதம் முழுவதும் செலவுதான்.

படகு கட்டுகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மீன்பிடிக் கலங்களுக்கு வரி 5 சதவீதம், அதைக் கட்டப் பயன்படும் ரெசினுக்கு 18 சதவீதம். விற்பனையில் வசூலிக்கும் வரியைவிடக் கொள்முதலில் கட்டிய வரி மிகுதியாகத் தேங்கிவிடும். தேங்கியதைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கீட்டில் பொருள்களுக்குக் கட்டிய வரி மட்டுமே வரும், வாடகை போன்ற சேவைகளுக்கும் இயந்திரங்களுக்கும் கட்டியது வராது. திரும்ப வரும் பணத்துக்கும் காத்திருப்பு உண்டு என்பதால் அதன் வட்டியைக் கணக்கில் வைக்கவும். கடல்பாசி வேலைக்கான வத்தை எந்த வகைப்பாட்டில் வரும் என்பதைக் கொட்டேஷன் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவும். வரி விகிதம் மாறினால் வாடிக்கையாளரின் மூன்று லட்சத்துக்குள் உங்களுக்கு வரும் பங்கே மாறிவிடும்.

60 நாள் கழித்துத்தான் பணம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் தவணை வைக்கக்கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் சொல்கிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியும் கேட்கலாம். ஆர்டருக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது. பேச்சுவார்த்தையில் இதைச் சொல்லி 45 நாளுக்குக் கொண்டுவர முயலுங்கள். ஆனால் சட்டம் இருக்கிறது என்பதற்காக வட்டித் தொகையைத் தாளிலிருந்து எடுத்துவிட வேண்டாம். பணம் எப்போது வரும் என்று நீங்கள் உண்மையில் நம்புகிறீர்களோ அந்த நாள்வரைக்கும் வட்டி போடுங்கள். பாதி அட்வான்ஸ் வாங்க முடிந்தால் அந்த 6,000-இல் பெரும்பகுதி மறைந்துவிடும். விலையைச் சற்றுக் குறைத்து அட்வான்ஸ் வாங்குவது பல நேரங்களில் இலாபமாகவே முடியும்.

நான் படகு கட்டுகிறவன் அல்லன், கருவாட்டு வியாபாரி. எனக்கு இது எப்படிப் பொருந்தும்?

உங்களுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். சொந்த வல்லத்தில் வந்த மீனைக் காயவைத்து ஒரு வெளியூர் வியாபாரிக்கு ஒரே தடவையாக ஒரு டன் கருவாடு கொடுக்க வேண்டும் என்றால், அந்த மீனின் செலவு டீசலும் ஐஸும் ஆட்கள் பங்கும் அன்று. வல்லம் கரைக்கு வந்த நொடியிலேயே அவை கழிந்துவிட்டன. அன்று காலை ஏலத்தில் பச்சை மீனாகவே விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதுதான் செலவு. மீன் மலிந்து ஏலம் கேட்பாரில்லாத நாளில் அது மிகக் குறைவு. மீன்பாடு இல்லாத நாளில் கண்ணைக் கட்டும். கருவாட்டுக்கு ஒரே விலையை வருடம் முழுவதும் சொல்கிறவர்கள் மலிவான நாளில் ஆர்டரை இழந்து, விலையேறிய நாளில் பச்சை மீனாக விற்றிருக்க வேண்டியதைக் காயப்போட்டுவிடுகிறார்கள். மீன் காயும்போது எடை பெருமளவு குறையும் என்பதால், ஒரு கிலோ கருவாட்டுக்கு எத்தனை கிலோ பச்சை மீன் போகிறது என்பதை உங்கள் களத்திலேயே எடைபோட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் வகைக்கு வகை அது மாறும்.

ஐஸ் ஆலைக்காரர்களுக்கு நாள்காட்டி எதிர்த்திசையில் வேலை செய்கிறது: தடைக்காலத்தில் விசைப்படகுகளின் தேவை நின்றுவிடும்போது, ஒரு திருவிழாவுக்கோ கட்டட வேலைக்கோ கேட்கும் ஐஸுக்குக் கூடுதல் மின்சாரமும் தண்ணீரும் ஏற்றுக்கூலியும்தான் செலவு. படகுகள் ஓடும் நாளில் அதே பாளத்துக்குத் துறைமுக விலையே செலவு.

இந்தத் தாளை வருமானவரிக் கணக்கிலும் காட்டலாமா?

கூடாது. கணக்குப் புத்தகத்தில் ரெசின் வாங்கிய விலையில்தான் இருக்கும், தேய்மானம் எழுதப்படும், வாய்ப்புச் செலவுக்கு அங்கே இடமே இல்லை. கையிருப்பைக் கொள்முதல் விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் குறைந்ததற்கு மதிப்பிட வேண்டும் என்பதே கணக்கியல் விதி. மூலையில் கிடந்த நீல ஜெல்கோட் ஆண்டு முடிவில் அங்கும் 6,000-த்துக்கே இறங்கியிருக்கும். அதைத் தவிர இரண்டு தாள்களும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. வாடிக்கையாளர் செலவு விவரம் கேட்டால் வழக்கமான முழுச்செலவுத் தாளைக் கொடுக்கவும்.

வேலை முடிந்தபின் தாளை என்ன செய்வது?

எதிர்பார்த்த வரிகளுக்குப் பக்கத்தில் நடந்ததை எழுதி வைக்கவும். ரெசின் 420-க்குப் பதில் 455 கிலோ போனதா, உதவியாட்கள் 30 நாளா 38 நாளா, அச்சைத் திருப்ப உண்மையில் என்ன ஆனது, பணம் எந்தத் தேதியில் வந்தது. தேய்மானத்தையும் வாடகையையும் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம்; மேஸ்திரிகள் இந்த வேலைக்காக எந்தப் பழுது வேலையையாவது திருப்பி அனுப்பினார்களா, யாருடைய படகு, எத்தனை நாள் வேலை என்பதை மட்டும் மறக்காமல் எழுதவும். அடுத்த முறை யாராவது ஆறு வத்தை கேட்டு வரும்போது நாளுக்கு 1,300 என்று நான் போட்டது சரியா என்பதை அந்த வரிதான் சொல்லும்.